ஏழு பத்துக்கு ஒரு பாக்கெட் பால்

கல்லா அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆறரைக்கு வருகிறேன் என்றால் ஆறு இருபத்தைந்துக்கே கடை வாசலில் நிற்பாள். "பையை இங்கயே வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால், மறந்துபோன முட்டையை எடுக்கப் போனவர் யாரிடமோ கதை பேசிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும், பை வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். இருபத்திரண்டு வருடம் அதே மளிகைக் கடையில், வாசலை ஒட்டிய முதல் கல்லாவில் உட்கார்ந்தவள். மூன்று மேனேஜர்கள் வந்து போனார்கள். மூன்று பேரும் போகும்போது, "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா போதும் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எல்லாரும் அப்படி மெச்சிய குணம்தான் கடைசியில் அவள் காலை வாரிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் அவளும் வீட்டுக்காரரும் மட்டும். அவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஆறு வருடமாகிறது. குனிய முடியாது, கனமாக எதையும் தூக்க முடியாது. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. சமையல் அவர் பொறுப்பு. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து இவள் தட்டின் முன் உட்கார்ந்தால், அன்றைக்குக் கடைக்கு யார் வந்தார்கள், யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். நாளெல்லாம் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அதுதான் பொழுதுபோக்கு. அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்னிக்கு ஏழு பத்து வந்தாரா?"

ஏழு பத்து என்பது ஒரு ஆள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அறுபத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, தோய்த்து மடித்த சட்டை. தினமும் காலை ஏழு பத்துக்குக் கடைக்குள் நுழைந்து, குளிர்பெட்டியிலிருந்து அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் கல்லாவுக்கு வருவார். ஏழு ஒன்பது கிடையாது, ஏழு பதினொன்று கிடையாது. கடைப் பெண்கள் அவரைப் பார்த்துத்தான் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தினார்கள். முப்பது வருடம் நேரத்துக்குப் பஸ் எடுத்த பழக்கம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். விஷயம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கடையில் ஃபோனைக் காட்டிக் காசு கட்டும் மெஷின் வந்த புதிதில், அக்காவுக்கு அதைக் கண்டாலே உதறல். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சில்லறையை எண்ணிக் கையில் வைத்துப் பழகியவள். உள்ளங்கை அளவு இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி ஏதாவது தப்பு செய்தால் பழி தன் தலையில்தானே விழும்? அவளுடைய கல்லாவில் அதை முதன்முதலில் தொட்டவர் ஏழு பத்துதான். அவருக்கு அவளைவிட உதறல். ஃபோனை அந்தப் பெட்டி மேல் வைத்து இஸ்திரி போடுவதுபோல இப்படியும் அப்படியும் தேய்த்தார்.

"தேய்க்காதீங்க அண்ணே. சும்மா கிட்ட காட்டினா போதும்னு சொன்னாங்க."

"காட்டினா போதுமா? காசு எப்படிம்மா போகும்?"

"அது போயிடுமாம். எப்படின்னு எனக்கும் தெரியாது."

"நல்லா இருக்கு. ரெண்டு பேருக்கும் வழி தெரியாது, வண்டிய மட்டும் எடுத்தாச்சு" என்றார். பெட்டி 'கீங்' என்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். பின்னால் நின்றிருந்த பெண்மணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரொட்டி நசுங்கிப்போனது. அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் தங்கச்சி.

ஒருநாள் மெஷின் மக்கர் செய்தது. ஒரு தடவை காட்டினார், இல்லை என்றது. இன்னொரு தடவை, அப்போதும் இல்லை. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பையில் நோட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "காசாவே குடுத்துடுங்க அண்ணே, ஒரு நாளைக்குத்தானே."

"காசு வேண்டாம்மா. இதுலதான் போகணும்."

"பாலுக்கு எதுல போனா என்ன அண்ணே?"

"இதுலதான் போகணும்" என்று மறுபடியும் சொன்னார். குரல் உடைந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர், "பெரியவரே, ஆபீஸ் போக வேண்டாமா நாங்க?" என்று கேட்டே விட்டார். மெஷினை அணைத்துப் போட்டபின் மூன்றாவது தடவை சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடி மூச்சு விட்டதை அக்கா பார்த்தாள். கூட்டம் கரைந்ததும் அவரே ஓரமாக வந்து நின்று சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை, ரயிலில் போனால் ஒரு முழுப் பகல். அப்பா வருடத்துக்கு ஒருமுறை பர்ஸைத் தொலைக்கிறாரே என்று, தன்னுடைய கார்டையே அவர் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தவள் அவள்தான். "நீ எங்க, எத்தனைக்கு வாங்கினாலும் எனக்கு இங்க மெசேஜ் வரும்ப்பா, என்னை ஏமாத்த முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அதற்கு மறு மாதம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது.

"என்ன அண்ணே சண்டை?"

"என் மேலதான் தப்பு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தைத் தோண்டுகிற பழக்கம் அக்காவுக்கும் கிடையாது. "ஆனா பாரு தங்கச்சி, என்கூடப் பேச்சை நிறுத்தினாளே தவிர, இந்தக் கார்டை நிறுத்தல. மத்த சாமானெல்லாம் என் பென்ஷன் காசுலதான் வாங்கறேன். பால் மட்டும் இதுல. நான் பால் வாங்கினா அவ ஃபோன்ல சத்தம் கேக்கும். அப்பன் எழுந்துட்டான், கடை வரைக்கும் நடந்துட்டான், நல்லாத்தான் இருக்கான்னு அவளுக்குத் தெரியும். ஏழரைக்கு அவ வேலைக்குக் கிளம்பிடுவா. அதுக்கு முன்னாடி தெரிஞ்சுடணும்ல? அதான் ஏழு பத்து."

அக்கா அன்று மத்தியானம் இதை வீட்டில் போய்ச் சொன்னபோது பெயின்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. ரெண்டு பேர் கையிலயும் ஃபோன் இருக்கு. நடுவுல எதுக்குடி பால்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயம் யாருக்கு உதவியது? இரண்டு வருடம் அப்படியே போனது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் ஏழு பத்து இருமத் தொடங்கினார். முதல் தடவையாக ஏழு பன்னிரண்டுக்கு வந்தார். அப்புறம் ஏழு கால். ஒருநாள் வாசலில் அடுக்கியிருந்த தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அதற்கு மறுநாள் ஏழு பத்துக்குச் சரியாக வந்தார், கையில் ஒரு துணிப் பையோடு. பாலை எடுத்தார், ஃபோனைக் காட்டினார், சத்தம் வந்ததும் ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆஸ்பத்திரியில படுக்கச் சொல்லிட்டாங்க தங்கச்சி. நெஞ்சுல தண்ணி கட்டியிருக்காம். பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும். தினம் ஏழு பத்துக்கு ஒரு பாக்கெட் வாங்கிடு. திறக்கற நம்பர் அவ பொறந்த நாள்" என்று நாலு எண்ணைச் சொன்னார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அண்ணே பேசறீங்க? இந்த நேரத்துல பொண்ணுக்குச் சொல்ல வேண்டாமா? நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். படுத்துட்டேன்னு தெரிஞ்சா அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவா. பயந்து வர்றது வேற தங்கச்சி, அப்பன்கிட்ட பேசணும்னு அவளுக்கே தோணி வர்றது வேற. நான் எழுந்து வந்து நானே சொல்லிக்கறேன். ஒரு வார்த்தை அவகிட்ட போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

பின்னால் ஏழு பேர் நின்றார்கள். "அக்கா, சீக்கிரம்!" என்று ஒரு குரல். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடத்தைத்தான் பிற்பாடு எத்தனையோ தடவை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வரிசை மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பாள், வாதாடியிருப்பாள். வரிசை இருந்தது. "சரி அண்ணே, சத்தியம். போயிட்டு நல்லபடியா வாங்க" என்று கையில் கை வைத்துவிட்டு, அடுத்தவருடைய சாமானை எடுத்தாள்.

மறுநாள் முதல் அவளே ஏழு பத்தானாள். ஏழு ஒன்பதுக்கு எழுந்து குளிர்பெட்டிக்குப் போவாள், ஒரு பாக்கெட்டை எடுத்து வருவாள், தன் கல்லாவில் தானே வாடிக்கையாளராக நின்று ஃபோனைக் காட்டுவாள். 'கீங்'. பிறகு சுற்றிவந்து நாற்காலியில் உட்காருவாள். பாலைக் குடிக்க மனம் வரவில்லை. அடுத்தவர் வீட்டுப் பாலை எப்படிக் குடிப்பது? அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கினாள்.

"நாம எப்போ பால் பண்ணை ஆரம்பிச்சோம்?" என்றார் பெயின்டர், நாலாம் நாள்.

"சும்மா இருங்க. அவர் பால்."

"அவர் வர்றதுக்குள்ள இது தயிராகி, மோராகி, நடந்து வெளிய போயிடும்." சிரித்துவிட்டுச் சட்டென்று குரலை மாற்றினார். "ஏய், இங்க பாரு. அந்த ஃபோன்ல அந்தப் பொண்ணு நம்பர் இருக்கும்ல? கூப்பிட்டுச் சொல்லிடு."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பெரிய சத்தியம்! நான் விழுந்தன்னிக்கு உனக்கு யாராவது சொல்லாம விட்டிருந்தா நீ சும்மா விட்டிருப்பியா?"

அவள் அன்றைய பாக்கெட்டையும் வைத்து ஃப்ரிட்ஜை மூடினாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கச் சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை நேரம். தினமும் போனாள். பச்சைத் திரை போட்ட நீண்ட கூடத்தில், ஜன்னல் ஓரம் மூன்றாவது கட்டில். அவளைப் பார்த்ததும் கேட்பார்: "வாங்கினியா?"

"வாங்கினேன் அண்ணே."

"ஏழு பத்துக்கா?"

"ஏழு பத்துக்குத்தான்."

அதைக் கேட்டால்தான் தலையணையில் சாய்வார். ஆறாம் நாள் முகத்தில் பிராணவாயு மூடி ஏறியிருந்தது. அதே கேள்வியை அதன் உள்ளிருந்து கேட்டார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் குரல்போலக் கேட்டது. நர்ஸ் அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டு, "சொந்தக்காரங்க யாரும் இல்லையா? பொண்ணு நம்பர் எழுதிக் கொடுத்திருக்கார். ஆனா எமர்ஜென்சின்னா மட்டும்தான் கூப்பிடணும்னு எங்ககிட்ட ஒரே அடம்" என்றாள். அக்கா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்? நாளைக்குப் பால் வாங்காமல் விட்டால்? ஏழு பத்துக்குச் சத்தம் வராவிட்டால் அந்தப் பெண் தானாகவே பதறிப்போய்க் கூப்பிடுவாள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

ஏழாம் நாள் காலை, ஏழு பத்துக்குப் பாலைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் முன் நின்றாள். ஏழு பதினொன்று. ஏழு பன்னிரண்டு. பால் பாக்கெட்டின் ஈரம் உள்ளங்கையில் இறங்கியது. சாயங்காலம் "வாங்கினியா?" என்று அவர் கேட்பாரே, அந்தக் கண்ணைப் பார்த்து என்ன சொல்வது? ஏழு பதினாலுக்கு ஃபோனைக் காட்டிவிட்டாள். 'கீங்' என்றது. இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று தன்னையே திட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

எட்டாம் நாள் பால் வண்டி வரத் தாமதமானது. அரை லிட்டர் பாக்கெட் ஒன்றுகூட இல்லை. குளிர்பெட்டியில் முந்தின நாளின் ஒரு லிட்டர் பாக்கெட்கள்தான் இரண்டு கிடந்தன. பால் பால்தானே என்று ஒன்றை எடுத்தாள், ஏழு பத்துக்குச் சரியாகக் காட்டினாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

ஏழு இருபத்தைந்துக்குக் கல்லா இழுப்பறைக்குள் ஏதோ நடுங்கியது. திறந்து பார்த்தாள். ஏழு பத்தின் ஃபோன். திரையில் 'பாப்பா' என்று இருந்தது.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரில் ஒருவர் சாமானை எல்லாம் எடுத்துப் பரப்பிவிட்டு நின்றார். கல்லாவில் இருக்கும்போது ஃபோன் எடுக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒருமுறையும் எடுத்ததில்லை. எடுத்தாலும் என்ன சொல்வது? "நீங்க யாரு, எங்கப்பா எங்க?" என்று கேட்டால்? சத்தியம் என்ன ஆவது? அவள் பார்த்துக்கொண்டே இருக்க, ஃபோன் நடுங்கி நடுங்கி நின்றுபோனது.

சாயங்காலம் கட்டிலருகே போய் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "அண்ணே, பாப்பா கூப்பிட்டாங்க."

மனிதர் மூடியைக் கையால் விலக்கிவிட்டார். "கூப்பிட்டாளா? அவளா கூப்பிட்டாளா?"

"அவங்களேதான். நான்தான் எடுக்கல. என்ன சொல்றதுன்னு தெரியல."

"அவளா கூப்பிட்டா..." சுற்றுமுற்றும் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார், "என் பொண்ணு கூப்பிட்டாளாம்." கண்ணீர் காதுவரைக்கும் ஓடியது. நர்ஸ் ஓடிவந்து மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு திட்டு விட்டுப் போனாள்.

"என் ஃபோன்ல இப்பவே பேசுங்க அண்ணே" என்று அக்கா தன் ஃபோனை நீட்டினாள்.

அவர் தலையை ஆட்டினார். "இந்தக் குரலைக் கேட்டா பயந்துடுவா. ராத்திரி தூங்கி எழுந்தா தெளிஞ்சுடும். நாளைக்கு என் ஃபோனைக் கொண்டு வா. என் நம்பர்லேருந்து போகணும். அப்பான்னு பார்த்துட்டு எடுக்கணும் அவ." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன் தங்கச்சி. படுத்தது, உன்கிட்ட சத்தியம் வாங்கினது, எல்லாம். நல்லா திட்டட்டும். காலையில பாலை மட்டும் மறந்துடாதே."

அக்கா பல வருடத்துக்குப் பிறகு பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள். மேனேஜருக்கு ஃபோன் செய்து, நாளை ஒன்பது மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்டாள். நர்ஸிடம் காலையில் ஐந்து நிமிடம் உள்ளே விடக் கெஞ்சி வாங்கியாயிற்று. "இப்பவாவது பால் வேலை முடிஞ்சுதா?" என்றார் பெயின்டர். "நாளையோட முடியுது" என்றாள். முடியத்தான் முடிந்தது.

மறுநாள் அரை லிட்டர் பாக்கெட் வந்திருந்தது. ஏழு பத்துக்கு, ஒரு வினாடி முன்பின் இல்லாமல், ஃபோனைக் காட்டினாள். அந்த 'கீங்' அன்றைக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது. ஃபோனை இழுப்பறையில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஏழு இருபதுக்கு அது மறுபடி நடுங்கியது. பாப்பா.

இந்தத் தடவை அக்கா தயங்கவில்லை. அவர்தான் எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றாரே! எதிரில் நின்றவரிடம், "ஒரு நிமிஷம் சார்" என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தாள். கடைச் சட்டத்தை அவள் மீறியது அந்த ஒரு முறைதான். அப்பா இன்னும் இரண்டு மணி நேரத்தில் பேசுவார் என்று சந்தோஷமாகச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கிவிட்டது.

"அப்பா, நல்லவேளை எடுத்தே! ஏதோ ஆஸ்பத்திரியாம்ப்பா, நீ விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போயிட்டேன்னு சொல்றாங்க. உன் பேரு, உன் வயசு எல்லாம் சொல்றாங்க. நான் நல்லா திட்டி விட்டுட்டேன். எங்கப்பா பத்து நிமிஷம் முன்னாடிதான் பால் வாங்கினாருன்னு சொல்லிட்டேன். இப்பதானேப்பா வாங்கின? மெசேஜ் வந்துச்சே! அப்பா? கோவம்னா திட்டுப்பா. ஏம்ப்பா பேச மாட்டேங்கற?"

எதிரில் நின்றவர் அக்காவின் முகத்தைப் பார்த்து, கையிலிருந்த எண்ணெய் பாட்டிலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"அம்மா..." என்றாள் அக்கா. "நான்... நான் கல்லாவுலேருந்து பேசறேன்மா. மளிகைக் கடையில. பால் வாங்கினது நான்தாம்மா."

"நேத்து?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நேத்தும் நான்தான். ஒன்பது நாளா நான்தாம்மா."

அன்று ராத்திரி ரயிலில் மகள் வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. அக்கா ஒரு ஓரமாக நின்றாள். பெயின்டர், வலிக்கிற இடுப்போடு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் போனபின் மகள் இவளிடம் வந்தாள். அப்பாவுடைய அதே ஒல்லி, அதே மூக்கு. அழுது ஓய்ந்த முகம்.

"அம்மா நோயையும் இப்படித்தான் மறைச்சார்" என்றாள். "எனக்கு அப்போ புது வேலை. பாப்பா பயந்துடுவா, அம்மா எழுந்ததும் சொல்லிக்கலாம்னு நினைச்சாராம். நான் வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்தது. அதுக்குத்தான் ரெண்டு வருஷம் பேசல. அதையே திரும்ப பண்ணியிருக்கார்."

அக்கா மனசுக்குள் புலம்பினாள்: என் மேல்தான் தப்பு என்றாரே பாவி மனுஷன், என்ன தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் அந்தச் சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேனே!

"முந்தாநாள் மட்டும் விலை அதிகமா வந்துச்சு" என்றாள் மகள். "அப்பா ஒருத்தருக்கு ஒரு லிட்டர் எதுக்கு, வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன். உண்மையில அது இல்ல. பேச ஆரம்பிக்க ஏதாவது ஒண்ணு கிடைக்குமான்னு ரெண்டு வருஷமா பார்த்துட்டிருந்தேன். நேத்து பழையபடி அரை லிட்டர்னு வந்ததும், சரி, நல்லாத்தான் இருக்கார்னு பல்லு விளக்கப் போயிட்டேன்."

"என்னை மன்னிச்சிடும்மா" என்று அக்கா கையைப் பிடித்தாள்.

மகள் கையை உதறவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. "உங்க மேல கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "தினம் போய்ப் பார்த்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அதுவும் தெரியும்."

அக்கா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பெயின்டர்தான் மெல்ல மெல்லக் குனிந்து, ஃப்ரிட்ஜிலிருந்த பாக்கெட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொட்டினார். ஒரு கேலி வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போனாள். "அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா, ஒண்ணு மறந்துட்டேன்" என்று யாரோ கேட்டபோது, "கையோட எடுத்துட்டுப் போயிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மகள் கடைக்கு வந்தாள். ஊருக்குக் கிளம்புகிற பெட்டி கையில் இருந்தது. கடிகாரம் ஏழு எட்டைக் காட்டியது. குளிர்பெட்டிக்குப் போய் அரை லிட்டர் பால் ஒன்றை எடுத்து வந்து, வரிசையில் நின்று, முறை வந்ததும் கல்லாவில் வைத்தாள். கையில் அப்பாவின் ஃபோன். நாலு எண்ணை அழுத்தினாள். தன் பிறந்த நாளை.

"இன்னியோட இந்தக் கார்டை நிறுத்தப் போறேன்" என்றாள். "ஒரு தடவை நான் பண்ணிப் பார்க்கணும்னு தோணுச்சு."

ஃபோனைக் காட்டினாள். 'கீங்' என்றது.

அது அடங்குவதற்குள், அவள் தோள்பைக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. கரண்டி டம்ளரில் பட்டதுபோலச் சின்னதாக ஒரு 'டிங்'. இந்தப் பக்கத்துச் சத்தத்தை இரண்டு வருடம் கேட்டவள் அக்கா. அந்தப் பக்கத்துச் சத்தத்தை அன்றுதான் கேட்டாள்.

மகள் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். பிறகு அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். கடைப் பெயர், கீழே பாலின் விலை, மணி ஏழு பத்து. வேறு ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா வரும்?" என்றாள் அக்கா.

"இவ்வளவுதான். எழுந்துட்டார், நடந்துட்டார், நல்லா இருக்கார்னு தினம் இதுலதான் படிச்சேன்."

பின்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கு யாரும் அவசரப்படுத்தவில்லை. அக்கா பாலைப் பையில் போட்டாள். வாய் தன் பழக்கத்துக்குக் கேட்டது.

"பில் வேணுமாம்மா?"

"வேணும்" என்றாள் மகள்.